ஆயிரத்து இருபத்து நான்கு வாரங்கள்

நவம்பரில் என் கூலியிலிருந்து
ஏழு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.
ஏழு நிமிடத்தில் பதினாறு காட் மீனுக்கு முள்ளெடுப்பேன்.
மேற்பார்வை எய்டிஸ் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.
பதிலுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை:
வீட்டில் அடுப்பு ஒன்று சொல்லும், போன் ஒன்று சொல்லும்,
கிராட்சியானின் கார் இரண்டையும் மறுக்கும்.

"போன்லதான் சரியா இருக்கே, ஹால்ஷ்கா" என்றான் கிராட்சியான்,
பாதி வாடகையும் முழு அறிவுரையும் தருகிறவன்.
போனுக்கு யார் சொன்னது?
டவர்.
டவருக்கு?
அவன் உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டான்.

இரண்டு கிலோ மீன் விலைக்கு
தபாலில் வந்தது ஒரு பழைய ஜிபிஎஸ் ரிசீவர்,
தீப்பெட்டி அளவு, யாரோ கழற்றி எறிந்தது.
அலமாரியில் தூங்கிய ராஸ்பெர்ரி பையில்
நான்கு ஒயர்களைப் பற்றவைத்தேன், விரலையும் சேர்த்து.
அப்புறம் ஐந்தாவது ஒயர்.
மற்றவை வழியே வாக்கியம் வாக்கியமாக நேரம் வரும்,
சொல்லி முடிப்பதற்குள் அரை நொடி போயிருக்கும்.
ஐந்தாவது பேசாது.
நொடிக்கு ஒரு துடிப்பு, அவ்வளவுதான்.
மணி என்னவென்று அதற்குத் தெரியாது,
இப்போது என்பது மட்டும் தெரியும்.

ஈசாஃபியோர்துரில் வீடுகளுக்குத் தகரச் சட்டை.
சமையலறை மேசையில் ஆன்டெனாவை வைத்தால்
உலகத்தில் ஒரு செயற்கைக்கோளும் கிடையாது.
ஜன்னலுக்கு வெளியே, கேக் சுடும் தட்டைக் கவிழ்த்து
அதன் முதுகில் காந்தத்தோடு ஒட்டவைத்தேன்.
இரு பக்கமும் மலை.
நடுவில் வானம் ஒரு கீறல்,
தினமும் எண்ணூறு வயிற்றில் நான் போடும் அதே கீறல்.
அதன் வழியே ஒன்று தெரிந்தது. பிறகு இரண்டு.
இரண்டும் மலைக்குப் பின்னால் போயின.
பெயின்ட் பிரஷ்ஷால் பனியைத் தட்டிவிட்டேன்.
நான்கு வேண்டும், ஒரே சமயத்தில் நான்கு.
என் ஷிஃப்டுக்கே நான்கு பேர் ஒழுங்காக வருவதில்லை.

ஜனவரி எட்டு, விடிகாலை மூன்று பன்னிரண்டு.
சிவப்பு விளக்கு சிமிட்டியது.
மறுபடி.
மறுபடி.
திரையில் நொடி, துல்லியத்துக்கு மேல் துல்லியம்.
தேதி மட்டும்: இரண்டாயிரத்து மூன்று, மே இருபத்தைந்து.

ரிசீவருக்கு வாரங்களை எண்ணத் தெரியும்,
ஆயிரத்து இருபத்து நான்கு வரை.
அதற்கு மேல் எண்ண இடமில்லாமல்
பழையபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.
அந்த மே மாதத்தில் நான் எல்பிளாங்கில்
பால் கம்பெனிக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன்.
மீன் வாடை என்றால் பஸ்ஸில் இடம் மாறி உட்காருவேன்.
கொஞ்ச நேரம் அந்தத் தேதியைப் பார்த்தேன்.
அங்கே இருந்துவிடலாம் என்றெல்லாம் தோன்றவில்லை.
குளிர்ந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.
நிரலில் ஒரு வரி எழுதி
பத்தொன்பது வருடத்தையும் ஏழரை மாதத்தையும் கூட்டினேன்,
கல்யாணம், விவாகரத்து, இரண்டு நாட்டு வரி உட்பட.

காலைக்குள் வீட்டில் இருந்த எல்லாமே
அதனிடம் நேரம் கேட்கத் தொடங்கின:
லேப்டாப், டிவி, என் போன்,
கிராட்சியானின் போன்கூட, அவனுக்குத் தெரியாமல்.

திங்கட்கிழமை போனைக் கையில் பிடித்தபடி
தொழிற்சாலைச் சுவருக்கு எதிரே நின்றேன்.
எய்டிஸின் கடிகாரம் பதினோரு நொடி பின்தங்கியிருந்தது.
எனக்குச் சாதகமாக.
அவள் "என்ன?" என்றாள்.
"ஒன்றுமில்லை, அழகான கடிகாரம்" என்றேன்.

மாதக் கடைசியில் சூரியன் திரும்பி வரும் நாள்.
இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் இருந்துவிட்டு
தெருவில் ஒரு ஜன்னல் அகலத்துக்கு விழும்.
ஊரே காபியும் பான்கேக்குமாகக் காத்திருந்தது.
நொடி பிசகாமல் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.
முகட்டில் மேகம். ஒன்பது நிமிடம் தாமதம்.
எய்டிஸ்தான் முதலில் கை தட்டினாள்.

அடுப்புக்கு நெட்வொர்க் கிடையாது.
அதன் பச்சை எண்களைப் பார்த்துத்தான்
நவம்பர் முழுக்கக் கிளம்பினேன்.
பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், திருத்திவிடலாம்.
இன்னும் திருத்தவில்லை.
ஏழு நிமிடம் பின்னால் நின்றபடி
மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.